அடிவாரத்துக்குப் போன சவுக்காரம்

எங்கள் வீட்டில் சோப்பு என்ற சொல்லுக்கு வேலை இல்லை. குளிக்கப் போகிறவர்கள் யாராக இருந்தாலும் சவுக்காரம் எங்கே என்றுதான் கேட்பார்கள். என் மகள் கொடைக்கானலில் பள்ளி விடுதியில் சேர்ந்த புதிதில் இப்படிக் கேட்கப்போய், கூட இருந்த பிள்ளைகள் துணி துவைக்கிற கட்டியை எடுத்து நீட்டியிருக்கிறார்கள். அதை உடம்பெல்லாம் தேய்த்துக் குளித்துவிட்டு, சொறிந்துகொண்டே வீட்டுக்கு வந்து, ஏன் நாம் மட்டும் இப்படிப் பேசுகிறோம் என்று என்னிடம் சண்டைக்கு நின்றாள். அந்தச் சொல்லால்தான் உனக்கு ஒரு அப்பத்தா கிடைத்தார், போய்ப் படி என்று விரட்டிவிட்டேன். முழுக்கதையையும் உட்கார்ந்து சொல்ல அன்றைக்குப் பொறுமை இல்லை. பொறுமை எனக்கு எப்போதுமே கொஞ்சம் குறைவுதான்.

நான் பிறந்தது இலங்கையில், பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். எழுபத்து நாலில், இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி, இந்தியாவுக்குக் கப்பலேறி வந்தோம். வந்தோம் என்றால் அண்ணன், அண்ணி, நான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பாஸ்போர்ட் வரத் தாமதம் என்றார்கள். அடுத்த கப்பலில் வந்துவிடுகிறோம் என்று சொல்லித்தான் பதுளை ஸ்டேஷனில் எங்களை ரயிலேற்றிவிட்டார்கள். அந்த அடுத்த கப்பல் வரவே இல்லை. ஒரு வருஷம் ஒரு காகிதம் குறைந்தது, மறுவருஷம் இன்னொன்று குறைந்தது. பிறகு கப்பலே நின்றுபோனது.

மலைவேலை தெரிந்த ஜனங்கள் என்று எங்களைக் கொடைக்கானலுக்கு மேலே பூண்டிக்கு அனுப்பினார்கள். மலை என்றால் எல்லாம் ஒரே மலை என்று யாரோ ஒரு அதிகாரிக்கு நினைப்பு. கொழுந்து பறித்த கை வெள்ளைப்பூண்டு பிடுங்கப் பழகியது. அண்ணனுக்கு அது ஒத்துவரவில்லை. ஆந்திராவில் நூல் மில்லில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அண்ணியோடு போய்விட்டான். அவன் போவதற்குள் எனக்கும் வேலப்பனுக்கும் கல்யாணம் ஆகியிருந்தது.

வேலப்பன் பழனி அடிவாரத்துக்காரர். பூண்டு மூட்டை ஏற்ற வந்த லாரியோடு மேலே வந்தார். லாரி இறங்கிப் போனது, இவர் இறங்கவில்லை. யூக்காலி இலையைக் கொதிக்க வைத்துத் தைலம் இறக்குகிற அடுப்பில் வேலைக்குச் சேர்ந்தார். தைலத்தின் மேல் ஆசைப்பட்டுச் சேர்ந்ததாக ஊரில் சொல்லிக்கொண்டார். யார் மேல் ஆசைப்பட்டு என்று பூண்டுக் காட்டில் இருந்த அத்தனை பெண்களுக்கும் தெரியும்.

அவருடைய அம்மா குப்பம்மாளுக்கு இவர் ஒரே மகன். புருஷன் இறந்த பிறகு, மலைக்கு வரும் யாத்திரைக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விட்டு மகனை வளர்த்தவர். கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. ஊர் தெரியாது, உறவு தெரியாது, கப்பலில் வந்தவளை எப்படி மருமகள் என்று சொல்வது என்பது அவர் கட்சி. முருகன் மலையை வாரம் தவறாமல் ஏறுகிறவருக்கு, மகன் இருக்கிற மலைக்குப் பஸ் ஏற மனசு இல்லை.

கல்யாணம் ஆன கையோடு நாங்களே பழனிக்குப் போனோம். காலில் விழுந்து எழுந்து, "மாமி, எப்படி இருக்கிறீங்க?" என்று கேட்டேன். எங்கள் பக்கம் மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவது. அடிவாரத்தில் மாமி என்றால் அக்கிரகாரத்து அம்மாக்கள். மடிசார் கட்டாத தன்னைப் பார்த்து ஒருத்தி மாமி என்றால், அது கேலி இல்லாமல் வேறென்ன என்று அவருக்குப் பட்டுவிட்டது. அத்தை என்று கூப்பிடச் சொல்லி வேலப்பன் என் காதில் கிசுகிசுத்தார். எங்களுக்கு அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அந்த அத்தை பதுளையில் முழுசாக உயிரோடு இருக்கும்போது, முகம் கொடுத்துப் பேசாத ஒருவருக்கு அந்தப் பெயரை எதற்குத் தூக்கிக் கொடுக்க வேண்டும்? அத்தையும் இல்லை மாமியும் இல்லை என்று வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு சில வருஷம் நான் அவரை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. திருவிழாவுக்கு வேலப்பன் மட்டும் கீழே போய் அம்மாவுக்கு ஒத்தாசை செய்துவிட்டு வருவார்.

இப்படி இருக்கையில் எழுபத்தெட்டுக் கடைசியில் எனக்கு மசக்கை வந்தது. மற்றவர்களுக்குப் புளி, மாங்காய், சாம்பல் என்று ஆசை வரும். எனக்கு ஒரு வாசனைக்கு ஆசை வந்தது. என் அம்மாவின் கை வாசனை.

அம்மா தோட்டத்துப் பங்களாவில் வேலை பார்த்தவள். அந்த வீட்டுத் துரைசானிக்குக் கடைச் சவுக்காரம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. ஆட்டுப்பாலும் தேங்காயெண்ணெயும் சேர்த்து அவளே சவுக்காரம் செய்துகொள்வாள். வாசனைக்கு மானாப்புல் எண்ணெய் விடுவாள். அந்தப் புல் எங்கள் மலையில் சரிவெல்லாம் நிற்கும், கசக்கினால் எலுமிச்சம்பழம் மாதிரி மணக்கும். துரைசானி கையுறை போட்டுக்கொண்டு சொல்லச் சொல்ல, கிண்டுவது அம்மா. வெட்டும்போது விழுகிற ஓரத்துண்டுகள், நாங்கள் இருந்த லயத்து வரிசை வீட்டுக்கு வரும். கொழுந்து பறிக்கிற பெண்களுக்குக் கை வெடித்துக் கறுத்துக் கிடக்கும். என் அம்மாவின் கை மட்டும் மெத்தென்று இருக்கும். அந்தக் கையால் அவள் என் முகத்தைக் கழுவிவிடுவாள். பிள்ளை வயிற்றில் தங்கியதும் அந்தக் கையைத் தேடி நான் சோறு இறங்காமல் கிடந்தேன்.

எனக்கு அம்மா வேண்டும் என்று அழுதபோது வேலப்பனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அம்மாவைக் கொண்டுவர அவரால் முடியாது. சவுக்காரத்துக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டார். அது ஒன்றுதான் அவரால் கேட்க முடிந்தது.

ஆடு எங்களிடம் இருந்தது. தேங்காயெண்ணெய் பழனியிலிருந்து வரவழைத்தோம். காஸ்டிக் சோடா கொடைக்கானல் மூஞ்சிக்கல் கடையில் கிடைத்தது. மானாப்புல்லுக்குப் பதிலாக எலுமிச்சைப்புல் எண்ணெயும், அவருடைய அடுப்பில் இறங்கிய யூக்காலித் தைலமும். கப்பலில் நாங்கள் சாமான் போட்டுக் கொண்டுவந்த தேயிலைப் பெட்டியின் பலகையைப் பிரித்து ஒரு அச்சு அடித்துக் கொடுத்தார். பார்க்க மட்டும் எல்லாம் சுலபமாக இருந்தது.

முதல் தடவை அலுமினியக் குண்டானில் காஸ்டிக் சோடாவைப் போட்டுவிட்டேன். குண்டான் பொங்கிப் புகைந்து, கறுத்து, அடி அரித்துப் போனது. நல்லவேளை, சின்னத்தாய் என்னைப் பின்னுக்கு இழுத்தாள். அவளும் கப்பலில் வந்தவள்தான், எங்கள் பக்கத்து வீடு. வயிற்றுப் பிள்ளைக்காரி இந்த விஷத்தோடு விளையாடுகிறாளே என்று வேலப்பனைப் போட்டு ஏசினாள். அதற்குப் பிறகு சோடாவைப் பாலில் கரைக்கிற சோலி அவர் கைக்குப் போனது. நான் தூரத்தில் நின்று, துரைசானி மாதிரி அதிகாரம் செய்தேன்.

பால் சூடாக இருந்தால் சோடா பட்டதும் கருகி நாறும். துரைசானி பாலை ஐஸ் பெட்டியில் வைத்து உறைய வைப்பாள். பூண்டிக் குளிருக்கு ஐஸ் பெட்டி எதற்கு? மார்கழியில் சட்டியைக் கூரைமேல் வைத்துவிட்டால் காலையில் பால் பாதி கட்டியாகக் கிடக்கும். எனாமல் சட்டியில் அதைக் கொட்டி, சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைத்தார் வேலப்பன். ஆறின எண்ணெயில் அதை ஊற்றி, கை வலிக்க வலிக்க மரக்கரண்டியால் கிண்டினார். மோர்க்குழம்புப் பதம் வந்ததும் வாசனை எண்ணெய் விட்டு அச்சில் ஊற்றினோம். இரண்டாவது தடவை எல்லாம் சரியாக வந்தது, வாசனை ஒன்றைத் தவிர. சவுக்காரம் முழுக்கப் பூண்டு நாற்றம். கயிற்றை அறுத்துக்கொண்டு போன ஆடு பக்கத்துக் காட்டில் பூண்டுத்தாளை ஒரு வயிறு மேய்ந்திருக்கிறது. ரசம் வைக்க ஆகும் என்று சின்னத்தாய் சிரித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அத்தனையையும் ஓடையில் கொட்டினேன்.

மூன்றாவது தடவை ஆட்டைக் கட்டிப்போட்டுப் புல் அறுத்துப் போட்டு வளர்த்தோம். அந்தப் பாலில் செய்தது கெட்டியாக, வெண்ணெய் நிறத்தில் வந்தது. துண்டு போட்டுப் பரணில் அடுக்கி, ஒரு மாசத்துக்கு மேல் காயவிட வேண்டும். அதுவரை காரம் இறங்காது. இறங்கிவிட்டதா என்று பார்க்க நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பது துரைசானி வீட்டு வழக்கம். சுரீர் என்றால் இன்னும் ஆகவில்லை. நான் அடிக்கடி பரணில் இருந்து எடுத்து நக்கிப் பார்ப்பதைக் கண்ட சின்னத்தாய், மண் தின்கிற மசக்கையைப் பார்த்திருக்கிறேன், சவுக்காரம் தின்கிற மசக்கையை இப்போதுதான் பார்க்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

ஒரு நாள் நாக்கு சுடவில்லை. தண்ணீர் தொட்டுக் கையில் குழைத்து முகத்தை மூடினேன். அம்மாவின் கை அப்படியே இல்லை. அதில் இல்லாத தைல நெடி இதில் இருந்தது, அது வேலப்பனின் சட்டை வாசனை. ஆனாலும் அம்மா பக்கத்தில்தான் எங்கேயோ இருக்கிறாள் என்று மனசுக்குப் பட்டது. அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

பங்குனி நெருங்கியபோது எனக்கு ஏழாம் மாசம். அப்போதுதான் பெரிய கவலை வந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்க வேண்டும். வளையல் போட்டுக் கூட்டிக்கொண்டு போக ஆள் வர வேண்டும். பூண்டுக் காட்டில் ஒருத்தி, உன்னை எந்த ஊருக்குக் கூட்டிப் போவார்கள் என்று கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் எனக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. அண்ணி ஆந்திராவில் மாசமாக இருந்தாள். சின்னத்தாய்க்கு ஒரு நாள் காட்டு வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. பிள்ளை பிறந்தால் அதை முதலில் வாங்கிக் குளிப்பாட்ட, எனக்கு உடம்புக்கு ஊற்ற, பக்கத்தில் இருந்து பத்தியச் சோறு போட இந்த நாட்டில் எனக்கென்று ஒரு பெண்பிள்ளை இல்லை. கேட்கலாம் என்றால் ஒரே ஒருவர்தான் இருந்தார், அவரோடு எனக்குப் பேச்சு இல்லை.

கௌரவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு நானே வேலப்பனிடம் சொன்னேன். உத்திரத்துக்குப் போகும்போது உங்கள் அம்மாவைப் பிரசவத்துக்குக் கூப்பிடுங்கள் என்றேன். வெறும் வாயால் கூப்பிட்டால் வரமாட்டார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். என்னிடம் இருந்த நல்ல பொருள் சவுக்காரம்தான். இருந்ததில் நயமான கட்டிகளாகப் பொறுக்கி, வாழையிலைச் சருகில் சுற்றி, நாரால் கட்டிக் கொடுத்தேன். அம்மாவின் வாசனையைப் பிய்த்துக் கொடுப்பதுபோல் இருந்தது. கொடுத்தேன்.

போன மனுஷன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் வெளியே வந்தது. திருவிழாக் கூட்டத்துக்கு நடுவில் பொட்டலத்தை அம்மா கையில் வைத்து, "உங்க மருமக உங்களுக்குன்னு சவுக்காரம் செஞ்சு குடுத்து விட்டுருக்கா. தேச்சுக் குளிங்கம்மா" என்று சொல்லியிருக்கிறார்.

எங்களுக்குக் குளிக்கிறதும் சவுக்காரம், உடுப்புத் தோய்க்கிறதும் சவுக்காரம். பழனியில் குளிக்கிறது சோப்பு. சவுக்காரம் என்றால் அழுக்குத் துணிக்குப் போடுகிற பழுப்புக் கட்டி. மிஞ்சினால் நாயைக் குளிப்பாட்டலாம். இது எனக்குத் தெரியாது. வேலப்பனுக்குத் தெரியும், அடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். ஆனால் என்னோடு குடித்தனம் செய்த இந்த வருஷங்களில் என் பேச்சு அவர் நாக்கில் ஏறிவிட்டது. சொந்த அம்மாவிடம் நின்று பேசும்போதுகூட அது இறங்கவில்லை.

"உம் பொண்டாட்டிக்கு நான் அழுக்குத் துணியாத் தெரியுறேனாடா?" என்று கேட்டிருக்கிறார் அவர் அம்மா. மாமி என்று கேலி செய்தவள் இப்போது சவுக்காரம் கொடுத்து அனுப்பிவிட்டாள், பெற்ற மகனும் அவள் பேச்சையே பேசிக்கொண்டு வந்து நிற்கிறான் என்று பந்தலில் இருந்த நாலு பேர் கேட்கச் சொல்லியிருக்கிறார். பொட்டலம் துவைக்கிற கல்லுக்குப் போனது. பிரசவத்தைப் பற்றி வாயெடுக்கவே இவருக்கு வழியில்லை.

எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்கள் இரண்டு பேர் மேலும் அல்ல. எனக்கு வாய்த்த பேச்சு, நான் வந்த ஊர், அந்தக் கப்பல் எல்லாவற்றின் மேலும் வந்தது. இனி யாரும் வர வேண்டாம், நானே பெற்று நானே குளிப்பாட்டிக்கொள்கிறேன் என்றேன். அன்றைக்குப் பூராவும் வேலப்பன் ஆட்டோடு மட்டும் பேசிக்கொண்டு இருந்தார். இப்போது நினைத்தால் அந்தத் தவறு எனக்கு இனிக்கத்தான் செய்கிறது. தாய்மொழியை மறக்கிற அளவுக்கு ஒருத்தியோடு கலந்துபோனதற்காக ஒரு ஆண்பிள்ளை அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறார். அதைவிடப் பெரிய சீதனம் எனக்கு யார் தந்தார்கள்?

சித்திரை போனது. வைகாசிக் கடைசியில் எனக்கு நாள் நெருங்கிவிட்டது. நடந்தால் மூச்சு வாங்கியது. கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு ஜீப்புக்குச் சொல்லி வைத்துவிட்டு, வேலப்பன் தைல அடுப்புக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. பூண்டி பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டுக் கொஞ்ச நேரத்தில் வாசலில் யாரோ செருமினார்கள்.

குப்பம்மாள் நின்றார். மேலே ஒரு சிவப்புக் கம்பளி, தலையில் ஒரு மூட்டை. குளிரில் பல் கிட்டிப்போய் இருந்தது. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, என் வயிற்றை ஒரு தடவை பார்த்தார். மூட்டையில் சுக்கு, கருப்பட்டி, நல்லெண்ணெய், பழந்துணி, கூடவே ஒரு படி வெள்ளைப்பூண்டு. பூண்டு விளைகிற ஊருக்குப் பழனிச் சந்தையில் பூண்டு வாங்கிச் சுமந்து வந்திருக்கிறார். வேறொரு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். கூப்பிட என்னிடம் பெயர் இல்லை. வாங்க என்று மட்டும் சொன்னேன். அவர் இரண்டு கையையும் என் முன்னால் விரித்துக் காட்டினார்.

"வேட்டி வெளுக்கல, துப்பட்டி வெளுக்கல. நுரைகூட ஒழுங்கா வரல. ஆனா எங் கையப் பாரு."

கதை பிறகு விவரமாகத் தெரிந்தது. யாத்திரைக்காரர்கள் புரண்டு எழுந்து போகிற துப்பட்டிகளையும் தலையணை உறைகளையும் அவர் யாரையும் துவைக்க விடமாட்டார். சலவைச் சோடாவில் ஊறப்போட்டு அவரே அடித்துத் துவைப்பார். இத்தனை வருஷச் சோடாவில் கை இரண்டும் பாளம் பாளமாக வெடித்து, சோறு பிசைந்தால் எரிச்சல் தாங்காமல் கரண்டியால் சாப்பிடுகிறவர். உத்திரக் கூட்டம் கலைந்த பிறகு துணி மலையாகக் குவிந்து கிடந்தது. வீட்டில் சோடாவும் சவுக்காரமும் தீர்ந்துபோய், கல்லுக்குப் பக்கத்தில் கிடந்த என்னுடைய பொட்டலத்தைப் பிரித்திருக்கிறார். மருமகள் கொடுத்த சவுக்காரத்தை அதன் இடத்திலேயே வைக்கிறேன் பார் என்று வைராக்கியமாகத் துவைத்திருக்கிறார். அழுக்குப் போகவில்லை என்று திட்டிக்கொண்டே, தீரும்வரை தினமும் துவைத்திருக்கிறார். கட்டி தேயத் தேயக் கையில் வெடிப்பு மூடியிருக்கிறது. துப்பட்டியில் தைல வாசம் ஏறி, சளி பிடித்து வந்த ஒரு கிழவர் அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம். எனக்கு நாள் நெருங்கியதைப் பூண்டு லாரிக்காரர்கள் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டாராம்.

"அந்தச் சவுக்காரம் இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

என் வாய் சும்மா இருக்குமா? "இருக்கு. அழுக்குத் துணிக்குத் தர மாட்டேன்" என்றேன்.

சொல்லிவிட்டுப் பயந்துபோனேன். இவ்வளவு தூரம் வந்தவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டால்? அவர் ஈரக் கம்பளியை உதறினார். "எனக்குத்தான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, அடுப்படி எந்தப் பக்கம் என்று விசாரித்து உள்ளே போனார். வேலை முடிந்து வந்த வேலப்பன், அடுப்புக்கு முன்னால் தன் அம்மா உட்கார்ந்து புகைக்குக் கண்ணைக் கசக்குவதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். வெரசாப் போய்த் தண்ணி எடுத்துட்டு வாடா என்று உள்ளே இருந்து அதட்டல் வந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அதற்காக ஒரே நாளில் தேனும் பாலும் ஓடவில்லை. என் சமையலில் காரம் போதாது என்றார். ஆடு வீட்டுக்குள் தலையை நீட்டுகிறது என்றார். நான் உடுப்பு என்றால் அவர் துணி என்று திருத்துவார். நானும் திருந்தவில்லை. பேச வேண்டியது இருந்தால் கிட்டே போய் நின்று பேசினேனே தவிர, எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரியில் வலி எடுத்து நான் கத்தியபோது பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டது அவர்தான். அப்போதும் நான் கூப்பிட்டது என் அம்மாவை. அது அவருக்கும் கேட்டிருக்கும்.

பெண்பிள்ளை பிறந்தது. வீட்டுக்கு வந்து, எனக்கு உடம்புக்கு ஊற்றுகிற நாளும் வந்தது. சாரல் விட்டு வெயில் சுள்ளென்று அடித்த காலை அது. வெள்ளனே எழுந்து தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டார். நொச்சி இலை போட வேண்டுமாம், இந்த மலையில் அது கிடைக்கவில்லை என்று முணுமுணுத்துவிட்டு, மகனிடம் யூக்காலி இலை வாங்கிப் போட்டார். வீட்டுக்குப் பின்னால் கல்லைப் போட்டு, சுற்றிச் சேலை கட்டி மறைத்திருந்தது. சின்னத்தாயும் பூண்டுக்காட்டுப் பெண்கள் இரண்டு பேரும் பிள்ளையைப் பார்க்க வந்திருந்தார்கள். நான் கல்லில் உட்கார்ந்தேன்.

பிள்ளை பெற்றவளுக்கு முதல் தண்ணீர் ஊற்றும்போது, தேய்க்கிற சாமான் தாய் வீட்டிலிருந்து வர வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். எண்ணெயோ, சீயக்காயோ, கடலைமாவோ, ஏதாவது ஒன்று. அந்த வழக்கம் தெரிந்த ஒருத்தி, வாய் சும்மா இராமல், தாய் வீட்டுச் சாமான் என்ன வந்திருக்கிறது என்று கேட்டுவிட்டாள். சின்னத்தாய் அவளை முறைத்தாள். எனக்குக் கொதிதண்ணீர் வேண்டாம், குளியல் வேண்டாம், எழுந்து உள்ளே ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் போதும் என்று இருந்தது. பதுளை ஸ்டேஷனில் ரயில் நகர்ந்தபோது அம்மா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தது கண்முன்னால் வந்தது.

குப்பம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். வீட்டுக்குள் போய்ப் பரணைத் தடவி எதையோ எடுத்துக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணுக்கு முன்னால் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

"ஏன் வரல? இந்தா, அவ ஆத்தா வீட்டுச் சவுக்காரம். கடல் தாண்டி வந்தது."

அழுக்குத் துணிக்கு என்று சொல்லவில்லை. சோப்பு என்றும் சொல்லவில்லை. நான் சொல்கிற அதே பொருளில், எங்கள் லயத்தில் என் அம்மா சொல்லிய மாதிரியே சொன்னார்.

வெந்நீரை மொண்டு தலையில் ஊற்றினார். என் முதுகிலும் தோளிலும் அந்தக் கட்டியை உருட்டினார். பிறகு இரண்டு கையிலும் குழைத்து என் முகத்தில் தடவினார். வெடிப்பு இல்லாத, மெத்தென்ற கை. எலுமிச்சைப்புல் வாசனை. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மூடியிருக்கிற வரைக்கும் நான் பதுளையில் இருந்தேன், எங்கள் லயத்துக்காரர்கள் குளிக்கிற பீலிக்கரையில், ஆறு வயசுப் பிள்ளையாக. தண்ணீர் முகத்தில் வழிந்துகொண்டே இருந்ததால் அழுததை யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன். தேய்த்துக்கொண்டிருந்த கை ஒரு நொடி நின்றது. என் கன்னத்தைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டது.

"கண்ணத் தொறக்காத தாயி" என்றார். "சவுக்காரம் எரியும்."

அவர் என்னைத் தாயி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இன்னும் கொஞ்ச நேரம் மூடிக்கொண்டே இருந்திருக்கலாம். அம்மா இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருப்பாள். ஆனால் வெயிலில் நின்று எனக்குத் தண்ணீர் ஊற்றுகிற மனுஷியின் முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. திறந்தேன். எரியத்தான் செய்தது.

"எரியட்டும் அத்தை" என்றேன்.